பதினாலு அளமும் ஒரு கூட்டல் குறியும்

அண்ணாச்சி, அந்த ஜன்னல் கண்ணாடியை அரைவாசி இழுத்து விடுவியளா? ஒங்க மூஞ்சியில வெயில் அடிக்கு, காத்தும் வேணும், எனக்குத் தெரியுது. ஆனா என் மடியில கடுதாசி இருக்கு பாத்துக்கிடுங்க. பறந்துச்சுன்னா மூணு மணிக்கு மதுரையில நான் வெறுங்கையை வீசிக்கிட்டுப் போயி நிக்கணும். பறந்து போனாக்கூட நல்லதுதான்னு ஒரு மனசு சொல்லுது. போதும், போதும். அந்த அளவு போதும்.

நீங்களும் மதுரைக்குத்தானா? நல்லதாப் போச்சு. நாங்களும்தான். நாங்கன்னா நானும் வீட்டுல உள்ளவளும். அந்தா, ரெண்டு சீட்டு முன்னால, பச்சைச் சேலை. பக்கத்துல உக்கார இடம் கிடைக்கல. ஒரு நிமிசம் இருங்க. ஏ வடிவு! இந்தா, தண்ணி வேணுமா?

பாத்தியளா? வேண்டாம்னு கையை ஆட்டுதா. தூத்துக்குடியில ஏறினதுல இருந்து இது மூணாவது தடவை. மே மாச வெயிலு, பஸ்ஸு தகரம் கொதிக்கு, ஒரு மடக்கு குடிக்க மாட்டா. வெளியூர் போறதுன்னா முந்தின நாளே காப்பியைக் குறைச்சிருவா. இருபத்திநாலு வருசமா நானும் சொல்லிப் பாத்தாச்சு. ரெண்டு தடவை நீர்க்கடுப்புன்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாச்சு. சொன்னாக் கேக்கவா போறா? பிடிவாதம். பொறந்த வீட்டுலயே அப்படித்தானாம். அதை விடுங்க.

என் பேரு ஆறுமுகநயினார். ஒரு மருத்துவக் கல்லூரியில புள்ளியியல் பாக்கேன். டாக்டர்மாரு மருந்து கொடுப்பாவ. மருந்துல கேட்டுச்சா, தானா சரியாச்சான்னு சொல்லுதது நம்ம வேலை. இருபத்தாறு வருசம் ஆச்சு. தென்மாவட்டத்துல முனைவர் பட்டம் வாங்கின பாதிப் பேரு என் வீட்டு முன்னறையில லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தவங்கதான். நயினார் சார் பாத்துட்டாருன்னா எந்த கமிட்டியும் மறுபேச்சுப் பேசாது. நான் பெருமைக்குச் சொல்லல. பேரைச் சம்பாதிக்க எவ்வளவு காலம் ஆகும்னு சொல்ல வாரேன்.

அந்தப் பேரைத்தான் ஒரு பொம்பளைப்பிள்ளை சந்தி சிரிக்க வச்சுட்டா. பத்து நிமிசத்துல.

ஜெபக்கனின்னு பேரு. முப்பத்தோரு வயசு இருக்கும். நர்ஸு படிச்சவ. வீடு வீடாப் போயி கேள்வித்தாள் நிரப்பிக்கிட்டு வருதவங்களுக்கு மேற்பார்வை. அவ என்ன செஞ்சான்னா... இருங்க, முதல்ல இருந்து சொல்லுதேன். இல்லன்னா ஒங்களுக்கு நியாயம் எந்தப் பக்கம்னு தெரியாது.

மதுரையில ஒரு அறக்கட்டளை இருக்கு. பேரு வேண்டாம். அதுக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா, ரோசலின்னு பேரு, நல்ல மனுசி. உப்பளத்துல வேலை பாக்கவங்களுக்கு கிட்னி கெட்டுப் போகுது, ஏன்னு கண்டுபிடிக்கணும்னு வந்தாவ. எங்க பக்கம் அளம்னுதான் சொல்லுவோம். பதினாலு அளம், அறுநூத்தி நாப்பது ஆளு. ஒவ்வொருத்தர்ட்டயும் நாப்பத்திமூணு கேள்வி, அப்புறம் ரத்தம் எடுக்கது. காரணம் இன்னதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன அளத்துல கட்டடம் கட்டித் தருவோம், ஆறு மாசத்துக்கு ஒருக்க எல்லாருக்கும் ரத்தம் பாப்போம்னு அவிய திட்டம். காரணத்தைச் சொல்ல வேண்டியது நானு.

இதை எப்படிச் சொல்லுததுன்னா, ஆர்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கு. ஒத்தை எழுத்துதான் பேரு. அதுல நாம கேக்க வேண்டியதை ஒரே வரியில எழுதணும். சூத்திரம்னு வச்சுக்கிடுங்க. நடுவுல புழு நெளிஞ்ச மாதிரி ஒரு குறி. அதுக்கு இடது பக்கம் வியாதி. வலது பக்கம், காரணமா இருக்குமோன்னு நாம சந்தேகப்படுதது எல்லாம். வயசு. ஆணா பொண்ணா. எத்தனை வருசமா அளத்து வேலை. அளத்துல கக்கூஸ் இருக்கா, இல்லையா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கூட்டல் குறி. என்டர் தட்டினா அம்புட்டுத்தான், எதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுக் கையில கொடுத்திரும். அறுநூத்தி நாப்பது பேரு பாடு அரை செகண்டுல முடிஞ்சிரும்.

இந்தக் கூட்டல், பள்ளிக்கூடத்துக் கூட்டல் இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல தனித்தனியா நிறுத்தி விசாரிக்க மாதிரி. நீ ஒன் பங்கைச் சொல்லு, நீ ஒன் பங்கைச் சொல்லுன்னு. கூட்டலுக்குப் பதிலா ஒரு நட்சத்திரக் குறி போட்டோம்னா, தனித்தனியாவும் விசாரிக்கும், ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்தா என்ன செய்வாங்கன்னும் விசாரிக்கும். சில மாத்திரை இருக்குல்லா, தனியாச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது. சாராயமும் தனியாக் குடிச்சா தள்ளாட்டத்தோட போயிரும். ரெண்டையும் சேத்து உள்ள தள்ளினா ஆளைத் தூக்கிரும். தனித்தனியா விசாரிச்சா ரெண்டுமே நிரபராதிதான். இதை நான் வருசா வருசம் கிளாஸ்ல சொல்லுதேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி. நான் கூட்டல் குறி போட்டேன்.

ஏன் போட்டேன்? ஒழுங்குமுறைன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. கணக்கைத் தொடங்குததுக்கு முந்தியே என்னென்ன கேக்கப்போறோம்னு திட்டம் எழுதி வச்சிரணும். அப்புறமா இதைச் சேத்துப் பாப்போம், அதைச் சேத்துப் பாப்போம்னு போனா, எதையாவது சேத்தா எதுவாவது வரத்தான் செய்யும். அது குளத்துல தண்ணியை இறைச்சுட்டு மீன் பிடிக்க மாதிரி. அதனால திட்டத்துல எழுதினது மட்டும்தான். டாக்டரம்மா எழுதின முதல் நகல்ல, பொம்பளைங்களைத் தனியாப் பாக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. அதை அடிச்சது நான்தான். திட்டம் ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்கணும்லா. அந்த ஒரு வரியால மூணாவது பக்கத்துக்குப் போச்சு.

நான் ஒண்ணும் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே சூத்திரம் எழுதுத ஆளு கிடையாது. அளத்துக்கு நேர்ல போனேன். ஒரு நாள். ஜீப்புல. குடை, தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். பாத்திருக்கியளா அளத்தை? கண்ணுக்கெட்டின மட்டும் வெட்டவெளி. பாத்தி பாத்தியா வெள்ளை. கண்ணு கூசும். நிழலுக்கு ஒரு உடைமரம் கிடையாது. காலுல பழைய சாக்ஸு, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, அதோட பொம்பளைங்க உப்பு வாரிக்கிட்டு நிப்பாவ.

ஜெபக்கனி ஒருத்தியைக் கூப்பிட்டா. சந்தனமாரின்னு பேரு. என் பட்டியல்ல நானூத்திப் பதினொண்ணாம் நம்பரு. முப்பத்திநாலு வயசு, பதினாறு வருசமா அளத்து வேலை. நானே கேள்வி கேட்டேன், பழகிக்கிடணும்லா. இருபத்தேழாவது கேள்வி, வேலை நேரத்துல எத்தனை டம்ளர் தண்ணி குடிப்பியன்னு. அவ சிரிச்சா. "வீட்டுக்குப் போய் குடிச்சுக்கிடுவேன் சார்"னா. நான் பூச்சியம்னு எழுதினேன். பாவமா இருந்துச்சு, என் பாட்டிலை நீட்டினேன். வாங்கினா. மரியாதையா வாங்கினா. மூஞ்சியில ஊத்தினா, பிடரியில ஊத்தினா, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா. ஒரு சொட்டு வாய்க்குள்ள போகல. இதுக அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு மிச்சத்தையும் நானே குடிச்சேன். வெயில்ல ரெண்டு லிட்டர் குடிச்சா சும்மா இருக்குமா? ஜீப்புக்குப் பின்னால ஒதுங்கிட்டு வந்தேன். பொம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாவ. நல்ல சனங்க.

அதுக்கப்புறம் எல்லாத் தாளும் வந்து சேந்துச்சு. இருபத்தேழாவது கேள்விக்குப் பாதிக்கு மேல பொம்பளைங்க பதில் பூச்சியம். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். அந்த வெயில்ல ஒரு மனுசி எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம இருப்பாளா? கேள்வி கேட்டவங்க சோம்பேறித்தனத்துல நிரப்பியிருக்காவன்னு அந்தக் கேள்வியையே கணக்குல இருந்து தூக்கிட்டேன். தரவைச் சுத்தம் பண்ணுததுன்னு இதுக்குப் பேரு. எல்லாரும் செய்யுததுதான்.

சூத்திரத்தை எழுதி என்டர் தட்டினேன். வயசுக்குப் பங்கு இருக்கு, வேலை பாத்த வருசத்துக்குப் பங்கு இருக்கு. கக்கூஸுக்கு வந்துச்சு பாருங்க, பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு. பாயிண்ட் சைபர் அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் நாங்க ஏத்துக்கிடுவோம். இது அதுக்கு மேல. அப்படின்னா தற்செயல்னு அர்த்தம். 'அளத்தில் கழிப்பறை இல்லாததற்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை.' நானே எழுதினேன். நல்ல வாக்கியம். போன வருசம் ஜூன் மாசம் அறக்கட்டளை கமிட்டியில படிச்சாவ. தொடர்பு இல்லைன்னா அப்புறம் எதுக்குக் கட்டடம்? பணத்தைக் கண் சிகிச்சை வேனுக்குத் திருப்பி விட்டுட்டாவ. ரத்தம் பாக்கதும் நின்னுட்டு. கமிட்டியில யாரும் தப்பா ஒண்ணும் செய்யல, நான் எழுதினதை நம்பினாவ.

இப்ப ஜெபக்கனிக்கு வாரேன். அவ என்ன செஞ்சிருக்கணும்? மேல உள்ளவன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட வந்து முறைப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

வந்தா. இல்லைன்னு சொல்லல. அறிக்கை போகுததுக்கு முந்தின வாரம் என் மேஜை பக்கத்துல வந்து நின்னா. கையில தாளு. "சார், இந்தப் பூச்சியம் எல்லாம் கக்கூஸ் இல்லாத ஒம்போது அளத்துல இருந்து மட்டும்தான் வந்திருக்கு. மத்த அஞ்சு அளத்துல பொம்பளைங்க குடிக்காவ"ன்னா. நான் ஒரு டாக்டர் பையன் தீசிஸைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாப்போம்மான்னேன். ரெண்டு நாள் கழிச்சு கீபோர்டு மேல ஒரு துண்டுச்சீட்டு. 'சார், பொம்பளைங்களுக்குத் தனியா ஒருதடவை போட்டுப் பாப்பியளா?' அடுத்தாப்புல போன்ல ஒரு மெசேஜ். அதுல சூத்திரமே எழுதி அனுப்பியிருக்கா. ஆணா பொண்ணாவுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல நட்சத்திரம். எனக்கு எப்படி இருக்கும்? நேத்து ஏதோ பயிற்சிக்குப் போயி ஆர் படிச்சுட்டு வந்த பிள்ளை, எனக்குச் சூத்திரம் எழுதித் தாரா. ஒரு கும்பிடு போட்டு அனுப்பிட்டேன். அந்தக் கும்பிடு பொம்மை இருக்குல்லா போன்ல, அது.

ஆனா முறைப்படி ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லையே.

எட்டயபுரம் தாண்டிட்டோமா? சரி.

இந்த வருசம் ஜனவரியில அதே கமிட்டி கூட்டம். திரையில படம் போடுததுக்கு ஜெபக்கனி எந்திரிச்சா. முதல்ல என் சூத்திரம். அப்படியே, ஒரு எழுத்து மாத்தாம. அதுக்குக் கீழ அவ சூத்திரம். ரெண்டுக்கும் ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். கூட்டல் இருந்த இடத்துல நட்சத்திரம். கீழ ரிசல்ட்டு. ஆம்பளைங்களுக்கு கக்கூஸ் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைனாலும் ஒண்ணுதான், வரப்பு ஓரமா நின்னுட்டு வந்திருவாவ. பொம்பளைங்களுக்கு, பாயிண்ட் சைபர் சைபர் ரெண்டு. ஆயிரம் தடவை பாத்தா ரெண்டு தடவைதான் தற்செயலா இப்படி வரும்னு வச்சுக்கிடுங்க. நான் ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினதுல அது கரைஞ்சு போச்சு.

அவ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். "எங்கம்மாவும் அளத்துல வேலை பாத்தவ. காலையில ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் ஒதுங்குவா. ஒதுங்க இடம் இல்லைன்னா தண்ணி குடிக்கக் கூடாதுன்னு பொம்பளைங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்"னா. அவ்வளவுதான் சொன்னா. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாவ. இல்ல, சிரிக்கல. சிரிச்ச மாதிரி எனக்கு இருந்துச்சு. டீ கொண்டு வந்த டிரைவர்கூட நின்னு பாத்தான்.

டாக்டரம்மா கேட்டாவ, "நயினார் சார், நீங்க என்ன சொல்லுதிய?" நான் எந்திரிச்சேன். திட்டத்துல இல்லாததைப் பின்னால சேத்துப் பாக்கது முறை இல்ல, மீன் பிடிக்க வேலைன்னேன். நாலு புத்தகத்தை மேற்கோள் காட்டினேன். நல்லாப் பேசினேன் அண்ணாச்சி. இருபத்தாறு வருச அனுபவம்லா. கமிட்டியில உள்ளவங்க தலையை ஆட்டினாவ. அப்ப இதை ஒத்திவைப்போம்னு ஒத்திவச்சுட்டாவ. ஜெபக்கனி கம்ப்யூட்டரை மூடிட்டு, வயரைச் சுருட்டிப் பையில வச்சுட்டுப் போயிட்டா. எம்பக்கம் திரும்பல.

ஜெயிச்சது நான்தான். ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கல. வடிவு கேட்டா, என்ன விசயம்னு. ஒண்ணும் இல்ல, ஒரு சின்னப்பிள்ளை மரியாதை தெரியாம நடந்துக்கிட்டான்னேன்.

சரி, இதோட போயிருந்தா நான் ஒங்கட்ட புலம்பிக்கிட்டு வரமாட்டேன். மார்ச்சுல ஒரு நாளு எங்க காலேஜ் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் வார்டு வழியா நடந்து போறேன். பெஞ்சுல ஜெபக்கனி உக்காந்திருக்கா. மடியில ஒரு பொம்பளை தலை. யாருன்னு தெரியல எனக்கு. மூஞ்சி ஊதிப் போயி, காலு வீங்கி. "சார், நானூத்திப் பதினொண்ணு"ன்னா ஜெபக்கனி. பேரைச் சொன்னா எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சு நம்பரைச் சொல்லுதா.

ரெண்டு கிட்னியும் போச்சு சந்தனமாரிக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை மிசின்ல போடணும். அவ என்னை அடையாளம் கண்டுக்கிட்டா. "குடை பிடிச்சுக்கிட்டு வந்த சாருல்லா"ன்னா. அன்னைக்குத் தண்ணி கொடுத்தியளே சார்னா. நன்றி சொல்லுதா அண்ணாச்சி, எனக்கு.

நான் மாடிக்கு ஓடிப்போயி அவ பழைய தாளை எடுத்துப் பாத்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்த ரத்தம். அப்ப கொஞ்சம்தான் ஏறியிருக்கு. திட்டப்படி ஆறு மாசத்துக்கு ஒருக்க பாத்திருந்தா ஏறிக்கிட்டே போறது தெரிஞ்சிருக்கும். மருந்து கொடுத்து, வேலையை மாத்தி, பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. அந்த ஆறு மாசப் பரிசோதனைதான் நின்னுபோச்சே. என் வாக்கியத்தால நின்னுச்சு.

ஆனா ஒத்தை ஆளை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஒத்தை ஆளுங்கிறது புள்ளிவிவரம் கிடையாது. அவளுக்குக் கூட்டலா இருந்தா என்ன, நட்சத்திரமா இருந்தா என்ன, எப்படியும் வந்திருக்கலாம். இதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கிடுதேன். அந்த வார்டு வழியாப் போகாம மெயின் கேட்டைச் சுத்திப் போறேன், ரெண்டு மாசமா. கேட்டா நடை நல்லதுன்னு சொல்லுதேன். பயமா இருக்கு அண்ணாச்சி, வேற என்ன? மறுபடியும் நன்றி சொல்லிருவாளோன்னு பயமா இருக்கு.

இன்னைக்கு மூணு மணிக்கு மறுபடியும் கமிட்டி. டாக்டரம்மா போன்ல தெளிவாச் சொல்லிட்டாவ. "நயினார் சார், ஜெபக்கனி சொன்னா அது களப்பணியாளர் கருத்து, எடுபடாது. நீங்க கையெழுத்துப் போட்டு, முதல்ல எழுதினது தப்புன்னு சொன்னாத்தான் கமிட்டி திட்டத்தைத் திருப்பி எடுக்கும். நீங்க போடலைன்னா இன்னையோட ஃபைலை மூடிருவாவ." ஒம்போது அளத்துல எறநூறு பொம்பளைங்க இருக்காவ. அதுல எத்தனை பேருக்கு ஏறிக்கிட்டு இருக்கோ, யாருக்குத் தெரியும்?

மடியில ரெண்டு கடுதாசி இருக்குன்னு சொன்னேனா? சொல்லலையா? ரெண்டு இருக்கு. இது டாக்டரம்மா அனுப்பினது, ஒரே பக்கம். கடைசி வரி, 'இது என்னுடைய பிழை.' கீழ என் பேரு, கையெழுத்துக்கு இடம். இன்னொண்ணு நான் எழுதினது, நாலு பக்கம். நான் செஞ்சது முறைப்படி சரின்னு பன்னெண்டு மேற்கோளோட எழுதியிருக்கேன். யாரும் அசைக்க முடியாது. இதைக் கொடுத்தா என் பேரு பேராவே இருக்கும். ஓய்வு பெற இன்னும் ஒரு வருசம்தான். முன்னறையில பிள்ளைக லேப்டாப்போட வந்து உக்காந்துக்கிட்டு இருக்கும். டாக்டரம்மா கடுதாசியைக் கொடுத்தேன்னா, இருபத்தாறு வருசமா பாத்ததுல எதெது தப்போன்னு ஒவ்வொருத்தனும் தோண்ட ஆரம்பிச்சிருவான். நியாயம்தானே?

எதைக் கொடுப்பேன்னு கேக்கியளா? நாலு பக்கத்தைத்தான். பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன். அந்த ஒத்தைப் பக்கத்தைச் சும்மா கொண்டு வாரேன். பேனாகூட எடுத்துட்டு வரல.

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை முறைப்படி சொல்லியிருந்தா... என்ன அண்ணாச்சி? ஆமா, வடிவு இன்னும் குடிக்கலதான். தலையைத் துணியால மூடிக்கிட்டு இருக்கா பாருங்க, தலைவலி வந்திருக்கும். எப்பவும் அப்படித்தான், ஊரு போயிச் சேருததுக்குள்ள தலைவலி வந்திரும். இருங்க, ஒங்களுக்காக இன்னொரு தடவை கேக்கேன். ஏ வடிவு! ஒரு மடக்காவது குடியேன், பாட்டில் நிறைய இருக்கு.

...

என்ன சொன்னா இப்ப? ஒங்களுக்குக் கேட்டுச்சா? வண்டிச் சத்தத்துல எனக்குத்தான் சரியாக் கேக்கலையோ?

'வீட்டுக்குப் போய் குடிச்சுக்கிடுதேன்.' அதைத்தான் சொன்னாளா? நீங்களும் கேட்டியள்லா?

...

தம்பி! கண்டக்டர் தம்பி! இங்க வாங்க. பொம்பளைங்க ஒதுங்க வழியில எங்கயாவது நிப்பாட்டுவியளா? இல்லப்பா, எனக்கு இல்ல. மதுரையிலதானா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேப்பா. பெட்ரோல் பங்க்ல இருக்கா? அங்க நிறுத்துப்பா. அஞ்சு நிமிசம். டிரைவர் ஏசினா எம்பேரைச் சொல்லு, ஏசட்டும். நல்லா இருப்ப.

அண்ணாச்சி, இந்தக் கடுதாசியைக் கொஞ்சம் பிடிங்க, நான் முன்னால போயிட்டு வாரேன்.

...

நகருங்க, உக்காந்துக்கிடுதேன்.

வடிவு பக்கத்துல போயி நின்னேன். வண்டி பங்க்ல நிக்கும், கேட்டுட்டேன், குடின்னு சொன்னேன். என்னையே பாத்தா. நெசமா நிக்குமான்னு கேட்டா. நிக்கும்னேன். வாங்கினா அண்ணாச்சி, அண்ணாந்து ஊத்தினா, பாதி பாட்டிலு. ஒரே மூச்சுல பாதி பாட்டிலு. சேலையெல்லாம் சிந்திச்சு, அதைக்கூடத் துடைக்கல. அவ்வளவு தாகம் இருந்திருக்கு. நான் ரெண்டு சீட்டுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கேன். ரெண்டு சீட்டு. இருபத்திநாலு வருசம். பிடிவாதம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

ஒங்கட்ட பேனா இருக்கா?

ஊதாவா? எதுவா இருந்தா என்ன, எழுதும்லா. இந்தப் பையை மடியில கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க, அந்த ஒத்தைப் பக்கத்தை மேல வச்சு எழுதுதேன். ரோடு குலுக்குது. கையெழுத்து கோணிட்டு பாருங்க, பாங்கில கொடுத்தா ஏத்துக்கிட மாட்டான். இருக்கட்டும்.

இந்த நாலு பக்கத்தை நீங்க வச்சுக்கிடுங்க. தடித்த தாளுதான். கண்ணாடியில சொருகிக்கிடுங்க, தூத்துக்குடியில இருந்து ஒங்க மூஞ்சியிலயே வெயில் அடிக்கு. நானும் பாத்துக்கிட்டேதான் வந்தேன்.